ஒரு சாண் நகர்ந்தால்

டி.எம்.சௌந்தரராஜனின் பழைய பாட்டு ஒன்றைத்தான் முதலில் போட வேண்டும். எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் அறுபதுகளில் பதிவான எதுவானாலும் சரி. ஸ்டீரியோவாக மெருகேற்றி விற்கும் மறுபதிப்பு வேண்டாம், பழைய மோனோ பதிவு வேண்டும். அதில் இரண்டு ஸ்பீக்கருக்கும் போவது ஒரே ஒலி, அணுவளவும் வேறுபாடில்லை. ஸ்பீக்கர்கள் இரண்டும் தக்க இடத்தில் அமைந்துவிட்டால் குரல் இடப்பக்கமும் கேட்காது, வலப்பக்கமும் கேட்காது. நடுவில், வெறும் சுவர் மட்டும் இருக்கிற இடத்தில், ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்குள் அடங்கி நிற்கும். இடம் பிசகினால் அதே குரல் சோபா அகலத்துக்குப் பரந்து, ஓரம் கலைந்து, எங்கிருந்து வருகிறதென்று சொல்ல முடியாதபடி ஆகிவிடும்.

ஒடுங்கி நிற்கும் அந்தக் குரலுக்குப் பின்னால்தான் ரசிக்க நிறைய இருக்கிறது. மோனோவில் இடம் வலம் கிடையாது, முன் பின் மட்டும் உண்டு. பாடகர் மைக்குக்கு அருகில், தபலா அவருக்குச் சற்றுப் பின்னால், வயலின்கள் அதற்கும் பின்னால், கோரஸ் அறையின் கடைசியில். ஒரே புள்ளியில் இத்தனை பேரும் ஒருவர் தோளுக்குப் பின் ஒருவராக நிற்கிறார்கள். அன்றைய ஒலிப்பதிவாளர்கள் ஒவ்வொருவரையும் மைக்கிலிருந்து எத்தனை அடி தள்ளி நிறுத்தினார்கள் என்பதை ஜொகூரில் ஒரு தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டு ஹாலில் உட்கார்ந்து உணர முடிகிறது. அதற்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவழிக்க வேண்டியதில்லை. ஐந்நூறு வெள்ளிக்குள் முடிகிற ஒரு சோடி போதும். மீதியெல்லாம் அதை எங்கே வைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

என் ஹாலில் இருப்பது எடிஃபையர் ஆர்1280டி. 1996-இல் பெய்ஜிங்கில் தொடங்கிய நிறுவனம் அது. நான்கு அங்குலக் கூம்பு ஒன்று, மேலே 13 மில்லிமீட்டர் பட்டுத்துணி ட்வீட்டர், வலப்பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர், இரண்டுக்கும் சேர்த்து 42 வாட். பக்கவாட்டில் மரம்போல் ஒட்டுத்தாள், அதே பக்கத்தில் பாஸ், ட்ரெபிள், வால்யூம் என்று மூன்று குமிழ்கள். ஒரு கையில் ஒரு பெட்டியைத் தூக்கிவிடலாம். தூக்க முடிகிறது என்பது சிறிய ஸ்பீக்கரின் பெரிய வரம். இடுப்புயர ஸ்பீக்கர் வைத்திருப்பவர் அதை ஒருமுறை நிறுத்திவிட்டு அத்தோடு விட்டுவிடுவார். இதையோ சனிக்கிழமை பசியாறிவிட்டு ஓரிடத்தில் வைக்கலாம், சாயங்காலத் தேநீருக்குள் வேறிடம் மாற்றிக் கேட்கலாம்.

நம் வீடுகளில் ஸ்பீக்கர் போய்ச் சேருகிற இடங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். தொலைக்காட்சி அலமாரியின் கீழ்த்தட்டு. சாமி மேடைக்குப் பக்கத்து மூலை. இடமே இல்லையென்றால் ஒன்று அலமாரி உச்சியிலும் மற்றது தரையிலும். எங்கும் பாட்டு கேட்கத்தான் செய்யும், அதனால் யாரும் மாற்றிப் பார்ப்பதில்லை. கீழ்த்தட்டில் அடைத்து வைத்த பெட்டியை வெளியே எடுத்து, காதளவு உயரத்தில், இரண்டுக்கும் நடுவே ஆறேழடி இடைவெளி விட்டு, நாம் உட்காரும் இடத்தோடு சேர்த்து சமபக்க முக்கோணமாக வைத்துப் பாருங்கள். பழகிய பாட்டில் பழகாத ஏதோ ஒன்று முதல் நிமிடத்திலேயே காதில் விழும். எனக்கு அது பி.சுசீலா மூச்சு வாங்குகிற ஒலியாக இருந்தது. இரண்டு அடிகளுக்கு நடுவில் மிகச் சிறியதாக, இசைக்குழு வந்து மூடிக்கொள்வதற்குள் முடிந்துவிடுகிற மூச்சு. பல்லாண்டு கேட்ட பாட்டில் அது இத்தனை நாளும் இருந்திருக்கிறது.

வீட்டையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பாட்டை வீடுதான் பாடுகிறது. மாசாயோ ஸ்கூடாயோ கூலாயோ, ஜொகூரின் தாமான்களில் பெரும்பாலோர் குடியிருப்பது வரிசை வீடு. இருபதடி அகல மனை, இருபக்கமும் அண்டை வீட்டோடு பங்கிட்ட செங்கல் சுவர், சிமெண்டுப் பூச்சு, தரை முழுக்க டைல்ஸ், முன்னால் கிரில்லும் இழுத்துத் திறக்கும் கண்ணாடிக் கதவும். வெக்கைக்கு இதமான வீடு. ஒலிக்குக் கடினமான வீடு. ஸ்பீக்கர் வைக்கும் முறை பற்றி எழுதப்பட்ட புத்தகங்களில் பெரும்பகுதி அமெரிக்க வீட்டை நினைத்து எழுதப்பட்டவை. அங்கே உட்சுவர் என்பது மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. அது மெல்ல அதிர்ந்து அடித்தொனியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். நம் செங்கல் சுவர் எதையும் விழுங்காமல் அப்படியே திருப்பித் தரும். ஆகவே மூலைக்குக் கொண்டுபோனால் பாஸ் கூடும் என்று அங்கே எழுதியிருந்தால், இங்கே அது இன்னும் அதிகமாகக் கூடும் என்று படித்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு காதோடு தெரியும். பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்த வீடுகளில் ரேடியோ ஒலி மெலிந்து கேட்கும். அடித்தொனி சுவர் வழியே வெளியேறிவிடும். ஆனால் பேச்சு தெளிவாக இருக்கும். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்தபோது அதே ரேடியோ கனத்து ஒலித்ததும், செய்தி வாசிப்பவரின் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதும் பலருடைய அனுபவம். ரேடியோவில் ஒரு கோளாறும் இல்லை. சுவர்தான் மாறியிருந்தது.

எல்லாமே எதிரொலிக்கும் இடம் எப்படி இருக்கும் என்று காதால் அறிய ஜொகூர் பாருவிலேயே இடம் உண்டு. 1922-இல் சிறு குடிசையாகத் தொடங்கிய அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் ஆலயம் இன்று கண்ணாடிக் கோயில். சுவரிலும் விதானத்திலும் சுமார் மூன்று லட்சம் கண்ணாடித் துண்டுகள் பதித்திருக்கிறார்கள். அங்கே ஒரு மணியொலி எழுந்தால் அது உடனே அடங்காது. அந்த நீட்சி கோயிலுக்கு அழகு. வழிபாட்டில் ஒலி நின்று நிறைய வேண்டும். வீட்டு ஹாலில், ஒரு ஸ்வரம் முடிந்து அடுத்தது பிறக்கிற விளிம்பு தெரிய வேண்டும். டைல்ஸ் தரையில் ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு கம்பளம் விரித்தாலே ஜால்ராவின் கூச்சம் பாதி தணிந்துவிடும். கண்ணாடிக் கதவுக்குக் கனத்த திரைச்சீலை இன்னொரு கால்பங்கைத் தணிக்கும். எல்லாவற்றையும் மூடிவிடவும் கூடாது. பக்கச் சுவர் ஒன்றை வெறுமையாக விட்டால்தான் ஒலிக்கு ஒரு காற்றோட்டம் கிடைக்கிறது.

இப்போது தலைப்பில் சொன்ன ஒரு சாண் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 348 மீட்டர் போகிறது. கூம்பின் முகம் பின்சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாழ்ந்த ஒலிகள் முன்னால் மட்டும் போவதில்லை, பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போகும். சுவரில் பட்டுத் திரும்பும்போது 1.2 மீட்டர் கூடுதலாக நடந்திருக்கும். எந்த ஒலிக்கு அந்த 1.2 மீட்டர் அரை அலைநீளமோ, அந்த ஒலி தன் எதிரொலியாலேயே அடிபட்டு மெலிந்துவிடும். கணக்குப் போட்டால் 145 ஹெர்ட்ஸ். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு நடு ஸ்தாயி சட்ஜம் 131 ஹெர்ட்ஸ், சதுஸ்ருதி ரிஷபம் 147. அதாவது அந்தப் பாடகர் ரிஷபத்தில் நிற்கிறபோதெல்லாம் குரலின் அடிப்பகுதி கரைந்துபோகிறது. கல்யாணியோ கரகரப்ரியாவோ, ரிஷபம் அமுங்கினால் என்ன மிஞ்சும்? ராகம் தெரியும், அதன் நடை தெரியாது.

பெட்டியைச் சுவரை நோக்கித் தள்ளி, கூம்புக்கும் சுவருக்கும் 35 சென்டிமீட்டர் என்று ஆக்கினால் அந்தப் பள்ளம் 249 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அங்கே கூம்பு முன்நோக்கிக் கொஞ்சம் அதிகமாகவே பேசத் தொடங்கிவிடுகிறது, பள்ளம் அவ்வளவு ஆழமாக இராது. கூடவே சுவர் தருகிற வலுவால் கீழ்த்தொனிகளுக்குச் சதை பிடிக்கும். நான்கு அங்குலக் கூம்பு இயல்பாகத் தர முடியாத அந்தச் சதை, சுவரிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அளவோடு. இன்னும் ஒரு சாண் உள்ளே தள்ளி மூலையில் ஒட்டிவிட்டால் மின்னல் எஃப்எம் செய்தி வாசிப்பாளர் குடத்துக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல் ஆகிவிடும். சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலான தூரத்தை மட்டுமல்ல, பக்கச் சுவர், தரை இரண்டின் தூரத்தையும் சேர்த்து நினைக்க வேண்டும். மூன்றும் ஒரே அளவாக இருந்தால் மூன்று பள்ளமும் ஒரே ஸ்வரத்தில் விழும். ஒன்று 35, ஒன்று 70, ஒன்று 95 என்று கலைத்து வைத்தால் எந்த ஸ்வரத்துக்கும் பெரிய இழப்பில்லை.

இதையெல்லாம் அளவுநாடா வைத்துத் தொடங்கலாம், முடிப்பது காதுதான். அதற்குப் பேச்சுக் குரலைப்போல் நல்ல துணை இல்லை. மனிதக் குரல் எப்படி இருக்கும் என்று நம் எல்லோருக்கும் பிறந்தநாள் முதலாகத் தெரியும். இசைக்கருவி எப்படி ஒலிக்க வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை வரும், அடுத்த வீட்டு அண்ணன் எப்படிப் பேசுவார் என்பதில் வராது. ஜொகூர் பாருவில் நீரிணைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிங்கப்பூரின் ஒலி 96.8-உம் வந்து விழுகிறது. ஒரு ஆண் அறிவிப்பாளர், ஒரு பெண் அறிவிப்பாளர் இருவரும் மாறி மாறிப் பேசும் காலை நேரமே எனக்கு மிகப் பிடித்த சோதனை. ஆண் குரலில் மார்புக் கனம் இருக்க வேண்டும், அது சொல்லை மறைக்கக் கூடாது. பெண் குரலில் சகரங்கள் சிதறாமல் இருக்க வேண்டும். ழகரமும் ளகரமும் வேறுவேறாகக் கேட்டால் நடு அலைவரிசை சரியாக இருக்கிறதென்று நான் முடிவு செய்துகொள்வேன்.

அடுத்தது மிருதங்கம். இந்த வாத்தியத்தின் அருமையை இயற்பியலில் முதலில் எழுதி வைத்தவர் சி.வி.ராமன். சாதாரணத் தோற்கருவியில் மேல்தொனிகள் ஒன்றுக்கொன்று இசையாமல் நிற்கும், மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பிய கரணையால் அவை நரம்புக் கருவியில் போலவே ஒழுங்காக அமைகின்றன என்று 1920-இல் நேச்சர் இதழில் அவர் எழுதினார். அந்த ஒழுங்கு மலிவான ஸ்பீக்கரிலும் கேட்கும், இடம் அமைந்தால். ஒரு சாப்பு விழுகிறது. முதலில் தோலின் வெட்டு, உடனே அதற்குள்ளிருந்து சுருதியோடு சேர்ந்த ஒரு கார்வை. வெட்டு ட்வீட்டரிலிருந்து வருகிறது, கார்வையின் உடல் கூம்பிலிருந்து வருகிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால்தான் அது ஒரு கையின் அடியாகக் கேட்கும். ட்வீட்டர் காதளவுக்கு வெகு கீழே இருந்தால் அந்தப் பொருத்தம் விலகும். வெட்டு மங்கி, அடி தட்டலாகிவிடும். தாழ்ந்த அலமாரியின் மேல் வைக்க நேர்ந்தவர்கள் பெட்டியின் முன்காலுக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டைச் செருகி முகத்தை மேலே தூக்கிவிட்டால் போதும். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் பெப்பிள் என்ற மேசை ஸ்பீக்கரில் இரண்டு அங்குலக் கூம்பை 45 பாகை மேல்நோக்கிச் சாய்த்தே செய்திருக்கிறது. மேசையில் உட்கார்ந்து கேட்பவரின் காது எங்கே இருக்கும் என்று யோசித்துச் செய்த சாய்வு அது. அந்தக் குட்டிப் பெட்டியின் அழகே அந்த ஒரு கோணம்தான்.

தொப்பிப் பக்கம் வேறு கதை. ரவையைப் பிசைந்து அப்பி ஈரமாக்கிய அந்தப் பக்கத்தில் தொம் விழுந்து, மணிக்கட்டை அழுத்திக் கும்கி எழும்போது தொனி கீழிருந்து மேலே வழுக்கிப் போகும். ஸ்பீக்கர் சரியான இடத்தில் இருந்தால் அந்த வழுக்கல் ஒரே கனத்தில், இடறாமல் ஏறும். இடம் தவறினால் நடுவில் ஓரிடத்தில் வீங்கும், இன்னோரிடத்தில் காணாமல் போகும். கும்கி ஒன்றை ஐந்தாறு தடவை கேட்டாலே அறையின் வரைபடம் மனத்தில் வந்துவிடும்.

மலேசியத் தமிழர்களுக்கு இதைவிடக் கடுமையான சோதனை கையருகிலேயே இருக்கிறது. உறுமி. தைப்பூசத்திலும் திருவிழாக்களிலும் காவடிக்கு முன்னால் போகும் உறுமி மேளக் குழுக்கள் இங்கே இளைஞர்களின் உயிர். ஒரு முகத்தை அடிக்க, மறுமுகத்தை வளைந்த கோலால் தேய்க்க, அடிவயிற்றிலிருந்து வருகிற அந்த உறுமல் கீழே இறங்கி மேலே ஏறும். என் அக்காள் மகன் ஒரு குழுவில் உறுமி வாசிக்கிறான். குழுவின் பதிவு ஒன்றைக் கொண்டுவந்து ஹாலில் போட்டான். நான் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் முகம் சுளித்தான்.

“மாமா, உறுமி இவ்வளவு நேரம் நிக்காது. கோல எடுத்ததும் சத்தம் செத்துரும். இங்க இழுத்துக்கிட்டே போவுது.”

“ஸ்பீக்கர் சின்னது, அதுனாலயா?”

“ஸ்பீக்கர் இல்ல மாமா, நீங்க உக்காந்திருக்க இடம். வாசல்ல நின்னா சரியாக் கேக்குது.”

அவன் சொன்னது முழுக்க உண்மை. சோபா பின்சுவரில் ஒட்டிக் கிடந்தது. அறைக்குள் தாழ்ந்த ஒலிகள் சுவருக்குச் சுவர் மோதி நிலையாக நிற்கும்போது, சுவரோரத்தில்தான் எல்லா நிலையலையும் உச்சத்தில் இருக்கும். நாலேகால் மீட்டர் அகலமுள்ள ஹாலில் அகலவாக்கில் 41, 82 ஹெர்ட்ஸ், மூன்று மீட்டர் உயரத்தில் 58, 116 ஹெர்ட்ஸ் என்று அறைக்கே சொந்தமான ஸ்வரங்கள் இருக்கின்றன. உறுமி இறங்கி வருகையில் அவற்றில் ஒன்றைத் தொட்டால், கோல் நின்ற பிறகும் அறை வாசித்துக்கொண்டே இருக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் அத்தனையையும் வாங்கிக்கொள்வார். இருவருமாகச் சோபாவை ஒன்றரை அடி முன்னால் இழுத்தோம். அறையின் நட்ட நடுவிலும் இல்லாமல், சற்றுப் பக்கமாக. உறுமல் இறங்கியது, ஏறியது, கோல் விலகியதும் அறுந்தது. அறுந்த இடத்தில் தவில் அடி ஒன்று சுத்தமாக விழுந்தது. அது முன்பு உறுமலின் வாலில் மூழ்கிப் போயிருந்தது. சோபாவுக்குப் பின்னால் இடம் வந்ததில் வீட்டுக்காரிக்கும் திருப்தி. “பின்னால கூட்டிப் பெருக்க வசதியாத்தான் இருக்கு, அப்படியே விட்டுருங்க” என்றாள்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு நுட்பம் மின்விசிறி. ஜொகூரில் விசிறி இல்லாமல் மதியத்தில் உட்கார முடியாது. ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நேர்க்கோட்டின் மேலே விசிறி சுழன்றால், அதன் இறக்கைகளில் பட்டுத் திரும்பும் ஒலி விட்டுவிட்டு வரும். பாட்டில் அது தெரியாது. நாதஸ்வரத்தின் நீண்ட கார்வை ஒன்றிலோ, தம்பூராவின் மீட்டலிலோ கவனியுங்கள்: கலைஞர் வாசிக்காத ஒரு மெல்லிய நடுக்கம் அதன் ஓரத்தில் ஓடும். விசிறியின் வேகத்தைக் கூட்டினால் நடுக்கமும் வேகமெடுக்கும். முக்கோணத்தை விசிறிக்கு நேர்கீழே அமைக்காமல் இரண்டடி விலக்கினால் பெரும்பாலும் போய்விடும். விசிறியை நிறுத்தாமலே கார்வை நேராக நிற்கக் கேட்பதில் தனிச் சுகம் உண்டு.

ஸ்பீக்கருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதும் காதில் விழுகிற விஷயம். உள்ளீடற்ற அலமாரியின் மேல் வைத்தால் அலமாரியும் சேர்ந்து பாடும். மூவாரில் செய்த ரப்பர் மர முக்காலிகள் இரண்டை நான் பயன்படுத்துகிறேன். மலேசியாவின் தளவாடத் தொழிலுக்குத் தலைநகர் மூவார். 25, 30 ஆண்டுகள் பால் வடித்த ரப்பர் மரத்தை வெட்டி மறுநடவு செய்வது தோட்ட வழக்கம். வெட்டிய மரம் ஒருகாலத்தில் அடுப்புக்கும் தீக்கும் போனது. வண்டும் நீலப்பூசணமும் சீக்கிரம் பிடிக்கும் மரம் அது. அறுத்த கையோடு போரான் உப்பில் பதப்படுத்தினால் நிற்கும் என்று கண்ட பிறகு, எண்பதுகளிலிருந்து அது மேசையாகவும் நாற்காலியாகவும் உலகமெங்கும் போகிறது. வெளிர்மஞ்சள் நிறம், நேரான இழை, கனமும் அளவானது. விரல் முட்டியால் தட்டினால் சட்டென்று அடங்கும் ஒலி. தேக்கைப்போல் மணியொலி எழுப்பாது. ஸ்பீக்கரைத் தாங்குவதற்கு அந்த அடக்கமே வேண்டும்.

ஸ்பீக்கர் பெட்டிகளைச் செய்யும் எம்.டி.எஃப் பலகைக்கும் மலேசியாவில் ரப்பர் மரமே முக்கிய மூலப்பொருள். அத்தகைய பலகை செய்யும் எவர்கிரீன் ஃபைபர்போர்டு நிறுவனம் ஜொகூரில்தான், பத்து பகாட்டின் பாரிட் ராஜாவில் இருக்கிறது. கூம்பின் விளிம்பைச் சட்டத்தோடு இணைத்து முன்னும் பின்னும் அசையவிடும் வளையமும் பல ஸ்பீக்கர்களில் ரப்பர். பழைய ஸ்பீக்கர் வாங்க நினைப்பவர்கள் அந்த வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். நுரைப்பஞ்சு வளையம் நம் ஈரக் காற்றில் பத்துப் பதினைந்து ஆண்டில் பொடியாக உதிர்ந்துவிடும். ரப்பர் வளையம் அதைவிட வெகுகாலம் தாங்கும். பழைய பொருள் சந்தையில் பெட்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், வலைத்துணியைக் கழற்றி வளையத்தைப் பார்க்காமல் விலை பேசக் கூடாது. என் பெரியப்பா குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். முக்காலியைத் தடவிப் பார்த்து, “நம்ம மரம்” என்று மட்டும் சொல்லிவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்து டி.எம்.எஸ். பாட்டுகளை வரிசையாகக் கேட்டார். எழுந்து போகும்போது, வயலின்காரர்கள் எத்தனை பேர் என்று என்னைக் கேட்டார். இத்தனை காலமும் அது ஒரே வயலின் என்று நினைத்திருந்தாராம்.

மோனோ போதுமென்று ஆனபிறகு ஸ்டீரியோவுக்குப் போகலாம். இரண்டு ஸ்பீக்கரால் ஓர் இசைமேடையை விரிக்கலாம் என்ற எண்ணத்துக்கு ஆலன் ப்ளம்லைன் 1931-இல் லண்டனில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். தமிழ்ப்பட இசை அங்கே வந்து சேர எழுபதுகளின் கடைசி ஆயிற்று. 1978-இல் வந்த ‘ப்ரியா’ படத்தின் பாடல்களை இளையராஜா ஸ்டீரியோவில் பதிந்தார். தென்னிந்தியத் திரையிசையில் அது முன்னோடி. சுஜாதாவின் கதை, படப்பிடிப்பு நடந்தது சிங்கப்பூரில். ஜொகூரைச் சிங்கப்பூரோடு இணைக்கும் 1,056 மீட்டர் நீளத் தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தப் பாடல்களைக் கேட்பதில் எங்களுக்கு ஒரு உரிமை உணர்வு உண்டு.

அந்த இசைத்தட்டில் என்னை ஈர்ப்பது புதிதாகக் கிடைத்த அகலத்தை இளையராஜா எவ்வளவு ஆசையோடு நிரப்புகிறார் என்பதே. ஜேசுதாசின் குரல் நடுவில் அசையாமல் நிற்க, இசைக்கருவிகள் இருபக்கமும் கேள்வி பதிலாகப் பேசிக்கொள்கின்றன. ஒரு பக்கம் தொடங்கிய சொற்றொடர் மறுபக்கம் முடிகிறது. ஸ்பீக்கர்களை நேராகப் பார்க்கவிட்டால் இந்த உரையாடல் அகன்று கேட்கும், ஆனால் குரல் தளர்ந்துவிடும். முகத்தை முழுவதும் நம் பக்கம் திருப்பினால் குரல் இறுகும், அகலம் சுருங்கும். நடுவில் ஒரு திருப்பம் இருக்கிறது. என் ஹாலில் இரண்டு பெட்டிகளின் முகக்கோடுகளும் என் தலைக்குச் சற்றுப் பின்னால் சந்திக்கிற கோணம். அங்கே குரலும் ஒடுங்கி நிற்கிறது, கருவிகளும் பெட்டியின் வெளியோரம் வரை போகின்றன. பெட்டியின் பின்மூலையை ஒரு விரற்கடை நகர்த்தினாலே இது கலைகிறது, மறுபடி சேர்கிறது. தரையில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அந்தக் கோணத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்.

அங்கிருந்து 1986-இன் ‘ஹௌ டு நேம் இட்?’. தியாகராஜருக்கும் ஜோஹன் செபாஸ்டியன் பாக்கிற்கும் இளையராஜா காணிக்கையாக்கிய தொகுப்பு. அதில் வி.எஸ்.நரசிம்மனின் தனி வயலின், வயலின் கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து மீண்டும் அதற்குள்ளேயே அமிழும். ஸ்பீக்கர் மூலையில் இருந்தால் தனி வயலின் எப்போது எழுந்தது என்பது தெரியாது, உரத்து வந்த பிறகே தெரியும். இடம் அமைந்த பிறகு, கூட்டம் வாசித்துக்கொண்டிருக்கையில் ஒரு வில் மட்டும் அழுத்தம் மாறுவது முன்கூட்டியே காதில் படும். கர்நாடக கமகம் ஒன்று மேற்கத்திய இழைப்பின் நடுவே தலைநீட்டுகிற அந்த நொடியை நான் திரும்பத் திரும்பக் கேட்பேன். ஒரு ஸ்வரத்தில் நின்று, மேல் ஸ்வரத்தை லேசாகத் தொட்டு, திரும்பி வருகிற அசைவு. விரல் தந்தியில் சறுக்குகிற உரசல்கூட உண்டு. நான்கு அங்குலக் கூம்பும் ஒரு துண்டுப் பட்டுத்துணியும் இதைக் கொடுக்கின்றன.

பெரிய ஸ்பீக்கர்கள் கொடுப்பதில் இவை கொடுக்காதவையும் உண்டு. எழுபது ஹெர்ட்ஸுக்குக் கீழே இவற்றிடம் பெரிதாக ஒன்றுமில்லை. ‘ரோஜா’வுக்குப் பிறகு வந்த ஏ.ஆர்.ரகுமான் பாடல்களின் ஆழ்ந்த பாஸில் ஒரு பகுதி இங்கே வந்து சேராது. சாயங்காலம் கார் நிறுத்துமிடத்துக் கூரையில் மழை இறங்கினால் மெல்லிய இடங்கள் எல்லாம் போய்விடும். நவம்பர், டிசம்பரில் அது நாள்தோறும் நடக்கும். வால்யூமைக் கூட்டி மழையோடு போட்டியிடுவதில் பயனில்லை, சின்னக் கூம்பு திணறும். இரவு பத்துக்கு மேல் பங்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டார் உறங்குகிறார்கள். அப்போது நான் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஸ்பீக்கர்களிலிருந்து மூன்றடியில் உட்கார்ந்துவிடுவேன். அவ்வளவு நெருங்கினால் அறை பின்வாங்கிவிடுகிறது, நேர்வரும் ஒலி மட்டும் மிஞ்சுகிறது. வால்யூம் குமிழ் கால்வாசி கூட ஏற வேண்டாம். வீணையின் மீட்டுக்கும் அடுத்த மீட்டுக்கும் நடுவில் தந்தி தேய்ந்து அடங்குவது கடைசி வரை கேட்கும்.

அக்காள் மகன் இப்போது ஸ்கூடாயில் படிக்கிறான், நண்பர்களோடு வாடகை அறை. பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி. கனசதுரம்போல் இருக்கிற அறையில் நீளம், அகலம், உயரம் மூன்றின் ஸ்வரமும் ஒரே இடத்தில் குவிந்து 57 ஹெர்ட்ஸில் முழங்கும், அதன் இரட்டிப்பிலும் அப்படியே. ஒரு சோடி பெப்பிள் வாங்கியிருக்கிறான். மேசையைச் சுவர் நடுவில் போடாமல், பக்கச் சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். பஞ்சு மெத்தையை எதிர்ச்சுவர் மூலையில் நிறுத்தி வைத்தால் பகலில் அது நல்ல ஒலியுறிஞ்சி, இரவில் படுக்கை. உறுமிப் பதிவைப் போட்டுப் பார்த்துவிட்டு, கோல் எடுத்ததும் சத்தம் நிற்கிறதா என்று அவன்தான் சொல்ல வேண்டும்.